பூச்சியாக இருக்கட்டும்

பூச்சியாக இருந்துவிட்டால் போதும். குடலுக்குள் நூல் நூலாக, கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூச்சி கிடந்து, உள்ளே போகிற கஞ்சியை எல்லாம் அதுகளே உறிஞ்சிவிட்டு நாய்க்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி உலகம்மாள் மாட்டாஸ்பத்திரி வேப்பமரத்தடியில் குந்தியிருந்தாள். மடியில் சிட்டுவின் தலை. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே ரெண்டு பக்கமும் மஞ்சள் பொட்டு, வெண்ணெய் மாதிரி நழுவுகிற காது. அசல் கன்னி நாய், முயல் வேட்டைக்கு ஓடுகிற சாதி. ஆவணியில் கல்யாணம் முடித்து மகள் செண்பகவல்லி புருஷன் வீட்டுக்குப் போனபோது சீரோடு சீராகப் போன நாய். போன வாரம் திரும்பி வந்த நாய். திரும்பி வந்த என்று மனசு சொன்னதுமே அந்தச் சொல்லைக் கையால் அடைக்கிற மாதிரி நாயின் காதை மூடிக்கொண்டாள். சீர் சாமான் திரும்பி வருமா? குத்துவிளக்கு திரும்பி வந்தது என்று எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? அதெல்லாம் இல்லை, இது சீக்காளி, சீக்குப் பார்க்க வந்திருக்கிறது, பார்த்ததும் போய்விடும். டாக்டரம்மா முந்தியே ரத்தம் எடுத்து, வெளிக்கிப் போனதையும் டப்பாவில் வாங்கி ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. முடிவு வந்துவிட்டதாம். ஆனால் பின்கொட்டகையில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, அதற்குக் கைகொடுக்கப் போயிருக்கிறது டாக்டரம்மா. வந்ததும் சொல்லும். பூச்சி என்று சொல்லும். சொல்ல வேண்டும். காளியாத்தா, ஒரே ஒரு பூச்சியைக் காட்டிவிடு, பங்குனிப் பொங்கலுக்குக் கிடா வெட்டுகிறேன். பூச்சி கேட்டுச் சாமிக்குக் கிடா நேர்ந்தவள் இந்தக் கரிசல்காட்டில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைக்கையில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பின்கொட்டகையில் பசு ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தது.

"எந்த ஊரு நாயி தாயி இது?" என்று கேட்டார் எதிரே காளையைப் பிடித்துக்கொண்டு நின்ற மீசைக்காரர். வந்ததிலிருந்து அந்த ஆளுக்குக் கண் நாய்மேலேயேதான். "என்னா வடிவு! விலாவை இங்க இருந்தே எண்ணிப்புடலாம். இடுப்பு பாருங்க, ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கிரும். கன்னின்னா இப்படில்லா இருக்கணும். இப்பப் பயலுக பரோட்டாவும் பிஸ்கோத்தும் போட்டு பன்னி கணக்கா வளத்து வச்சிருக்கான். நீங்க என்ன போடுதீக?" பக்கத்தில் வயிறு ஊதிய ஆட்டைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த பொம்பளைதான் பதில் சொன்னாள். "ஏம்யா, உம்ம கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? எலும்பும் தோலுமா கெடக்கு, வடிவுங்கீரு. வீட்டுல பொண்டாட்டியும் இப்படி இருந்தாத்தான் புடிக்குமோ?" "அவ எங்க? அவ இருக்கா நெல்லு மூட்டை கணக்கா" என்று அவர் சொல்ல, வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "ஒரு ஈத்துக் குட்டி போட்டா எனக்கு ஒண்ணு சொல்லிவைங்க தாயி. பொட்டையா இருந்தாலும் சரி." இந்த மனிதரை என்ன சொல்ல? ஊரே இப்படித்தான் சொன்னது. மினி வேனிலிருந்து சிட்டு இறங்கிய அன்றைக்கு, தெருவில் நின்றவர்கள் எல்லாம், அடேயப்பா, சம்பந்தி வீட்டில் நாயை என்ன பதமாக வைத்திருக்கிறார்கள், முயலுக்கு விட்டால் முயல் தானாக வந்து வாயில் விழும் என்றார்கள். இந்தப் பக்கத்துக் கண்ணே அப்படிப் பழகிப்போன கண். மாடு கொழுத்திருந்தால் அழகு, ஆடு கொழுத்திருந்தால் காசு, நாய் மட்டும் ஒட்டிக் கிடக்க வேண்டும். ஓடுகிற நாய்க்குச் சதை எதற்கு என்று இவளும்தான் கேட்டிருக்கிறாள். ஆனால் ஓடி ஒட்டிய வயிறு வேறே. ஓடின வயிற்றில் ஒரு இறுக்கம் இருக்கும், தட்டினால் உடுக்கு மாதிரி. இது அப்படி இல்லை. இது உள்ளே ஒன்றும் இல்லாமல் ஒட்டிய வயிறு. சுருக்குப்பையில் இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுக் கயிற்றை இழுத்த மாதிரி.

வேனிலிருந்து தூக்கி இறக்கியது இவள்தான். மாப்பிள்ளையின் தம்பி பின்கதவைத் திறந்துவிட்டு, "அத்தை, இது ஒண்ணும் திங்க மாட்டேங்கு. வீட்டு ஏக்கம்போல. ஒரு பத்து நாள் வச்சிருந்து தேத்தி விடுங்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நல்ல பையன்தான். காபி குடித்துவிட்டுப் போப்பா என்றதற்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டான். ஏன் ஓடினான்? அவனுக்கு என்ன அவசரமோ, வேன்காரன் திட்டுவானோ என்னவோ. எல்லாத்துக்கும் ஒரு அர்த்தம் பார்க்கக் கூடாது. அவன் கதவைத் திறந்துவிட்டதும் இவள்தான் குனிந்து நாயைத் தூக்கினாள். போன வருஷம் தூக்கின கணக்கு கைக்கு நினைவிருந்தது, அதனால் முட்டியை ஊன்றி மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். கை மேலே போய்விட்டது. கொடியில் காய்ந்து கிடக்கிற சேலையை எடுத்த மாதிரி. அந்த வெறும் கனம் இன்னும் கையில்தான் இருக்கிறது. சோற்றுக் குண்டானைத் தூக்கினாலும் அதுதான், தண்ணிக் குடத்தைத் தூக்கினாலும் அதுதான். வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி தொழுவத்திலிருந்து வந்து பார்த்தார். நாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நல்லா ஓட்டத்துல இருந்திருக்கும்போல" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார். அன்றையிலிருந்து மனிதர் வட்டில் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். ஏன் என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். அதனால் ரெண்டு பேரும் நாயைப் பற்றி மட்டும் பேசினார்கள். விளக்கெண்ணெய் கொடுப்போமா, வேப்பங்கொழுந்து அரைப்போமா, எதுக்கும் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டு.

ஏக்கம் என்றானே, அது ஏக்கமாகவே இருக்கலாமே. இருக்கும். ஏங்கிச் செத்த நாய்கூட உண்டு. ஆனால் ஏக்கம் பிடித்த நாய் வீடு வந்து சேர்ந்ததும் வாலை ஆட்டும், ஆட்டைப் பார்க்க ஓடும், தன் பழைய சாக்கில் போய்ப் படுக்கும். இது என்ன செய்தது? நேரே அடுப்படிக்குப் போனது. கழுநீர்ப் பானையில் தலையை விட்டது. எடுக்கச் சொன்னால் உறுமியது, பால்குடிக் குட்டியிலிருந்து இவள் கையில் வளர்ந்த நாய் இவளைப் பார்த்து உறுமியது. கம்பங்கஞ்சி கரைத்து வைத்தால் நக்கவில்லை, மூச்சு விடாமல் இழுத்தது, இழுத்ததை அப்படியே கக்கியது, கக்கியதையும் தின்றது. பார்க்க மாட்டாமல் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுதான் பூச்சி என்கிறேன். பூச்சி இருந்தால்தான் இப்படிப் பறக்கும். ஒரு வாரமாகத் தின்கிறது, உடம்பில் ஒன்றும் ஒட்டக் காணோம். இன்னும் அதே விலா, அதே இடுப்பெலும்பு, பிட்டத்தில் அதே ரெண்டு குழி. தின்றும் தேறவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? "காமாலையா இருக்கும் மதினி" என்றாள் ஆட்டுக்காரி, இவள் எதையோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு. "எங்க பக்கத்து வீட்டு நாய்க்கு அப்படித்தான், கண்ணெல்லாம் மஞ்சளாப் போயி." உலகம்மாள் ஆசையாக நாயின் கண் இமையை விரித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. "இல்ல, சக்கரை வியாதியா இருக்கும். இப்ப நாய்க்கும் வருதாம்ல" என்றார் மீசைக்காரர், தன் பங்குக்கு. சர்க்கரை! இருக்கட்டும். ஊசி போட்டுக்கொள்ளலாம். உண்ணிக் காய்ச்சல், அதுவும் இருக்கட்டும். ஒவ்வொரு சீக்கின் பேரைக் கேட்கும்போதும் இவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சீக்கு என்றால் அது நாயோடு போச்சு. நாய்க்கு வந்தது நாய்க்கு வந்ததுதான். வேறு யாருக்கும் வந்ததாக ஆகாது.

இவர்கள் வகையறாவில் ஒரு வழமை. சீராகக் கன்னி நாய் கொடுத்தால், வீட்டைவிட்டு இறங்கும்போது பெண்ணுடைய வட்டிலில் கம்பங்கஞ்சி ஊற்றி, பெண் தன் கையால் நாய்க்கு முதல் கவளம் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த நாய்க்குத் தனிச் சோறு கிடையாது. பெண் வட்டிலில் விழுவதில் பங்கு. பெண் கை வைத்தால்தான் தின்னும், புகுந்த வீட்டில் வேறு யார் வைத்தாலும் திரும்பிப் பார்க்காது, அப்படிப் பழக்கித்தான் அனுப்புவார்கள். புது இடத்தில் பிள்ளைக்குத் துணையாக ஒரு ஜீவன், வேற்று ஆள் போட்ட விஷத்தைத் தின்றுவிடாத ஜீவன் என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு. செண்பா அன்றைக்குக் கஞ்சி வைக்கையில் அழுதுவிட்டாள். முகூர்த்தப் புடவையில் கஞ்சி சிந்தியது, நாய் புடவையையும் சேர்த்து நக்கியது, போட்டோக்காரன் அதைப் படம் பிடித்தான். அந்த ஒரே வட்டில். அந்த வட்டிலில் என்ன விழுந்ததோ அதில்தான் இதுக்கும். அப்படியானால் இது இப்படி இருக்கிறது என்றால். இல்லை. பூச்சி. ஒரே வட்டிலில் தின்றாலும் பூச்சி ஒருத்தருக்குத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டிலில். வேப்பஞ்சுள்ளி ஒன்று உதிர்ந்து நாயின் முதுகெலும்பில் பட்டு உருண்டது, எலும்பு எலும்பாகத் தாண்டித் தாண்டி உருண்டது. உலகம்மாள் அதைத் தட்டிவிட்டு அந்த முதுகெலும்பைத் தன் முந்தானையால் மூடினாள், குளிருகிற பிள்ளைக்கு மூடுகிற மாதிரி. உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

தலைதீபாவளிக்குச் செண்பா வந்திருந்தாள். மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தார், வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். இவள் ஏதோ எடுக்க அடுப்படிக்குப் போனால், மகள் நின்றமேனிக்கு, கதவுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டியில் கையை விட்டுக் கறியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். சோறு போடாமல், உட்காராமல். கன்னம் ரெண்டும் புடைத்திருந்தது. "ஏட்டி, என்ன இது பறப்பு? புருசன் வீட்டுலயும் இப்படித்தான் அள்ளித் திங்கியா? பாக்கவங்க என்ன நெனைப்பாக, வளத்த லட்சணம்னு என்னையல்ல சொல்லுவாக" என்று ஏசினாள் உலகம்மாள். மகள் திரும்பிப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல், கண்ணில் தண்ணி நின்றது. உலகம்மாளுக்கு அப்போது சட்டென்று ஒன்று விளங்கிய மாதிரி இருந்தது. அது விளங்கியதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் வெள்ளைச்சாமியிடம் காதோடு சொன்னாள். "உண்டாயிருக்காபோல. பாருங்க, கண்டதையும் திங்கா." அன்று முழுக்க மகளை அந்தக் கண்ணோடேயே பார்த்தாள். முதுகெலும்பு தெரிந்தது, மசக்கை. வளையல் முழங்கைக்கு ஏறியது, மசக்கை. இவளுடைய சின்ன நாத்தனார் வேறு, "நம்ம செண்பா இப்பத்தான் சினிமாக்காரி கணக்கா ஆயிருக்கா, இடுப்பைப் பாரேன், அவ நாயி இடுப்பு கணக்கா" என்று சொல்ல எல்லாரும் சிரிக்க, செண்பாவும் சிரித்தாள். சிரித்தாளா? பல் தெரிந்தது. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு, ஒரு சேதியும் வரவில்லை. சரி, கலைந்திருக்கும், சொல்ல வெட்கப்பட்டிருப்பாள் என்று இவளே ஒரு பதில் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். பசித்திருந்தது என்று மட்டும் தோன்றவில்லை. மகளைப் பெற்று, பால் கொடுத்து, பசிக்கு அழுகிற அழுகை எது, தூக்கத்துக்கு அழுகிற அழுகை எது என்று இருட்டிலேயே பிரித்துச் சொன்னவளுக்கு, பகல் வெளிச்சத்தில், அடுப்படியில், ரெண்டடி தூரத்தில் தோன்றவில்லை. ச்சே, என்ன நினைக்கிறேன் நான்? பசியா? காடு கரை உள்ள வீடு. மாடு கட்டியிருக்கிற வீடு. சோற்றுக்கா பஞ்சம்?

பஞ்சம் இல்லைதான். தைப்பொங்கலுக்குப் பொங்கப்படிச் சீர் கொண்டு போனபோது இவளே பார்த்தாளே. அந்த வீட்டில் சாமான் அறைக்கு ஒரு பூட்டு தொங்கியது. சின்னப் பூட்டு, பெட்டிக்குப் போடுகிற மாதிரி, புதுசாகப் பளபளவென்று. சாவி சம்பந்தியம்மா இடுப்பில். உலைக்கு அரிசி வேண்டுமென்றால் சம்பந்தியம்மா எழுந்து போய்த் திறந்து, அளந்து எடுத்து, திரும்பப் பூட்டினாள். "என்ன சிக்கனம், என்ன நிர்வாகம்! நம்ம செண்பா ஒழுங்கான எடத்துலதான் போய் விழுந்திருக்கா" என்று இவள் திரும்பி வந்து தெருவெல்லாம் சொன்னாள். யாரிடம் எல்லாம் சொன்னாள்? பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாவிடம் சொன்னாள், தண்ணி லாரிப் பக்கம் நின்று சொன்னாள். யாருக்காக அந்தப் பூட்டு என்று கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் புதுசாக வந்தவர் ஒரே ஒருத்தர்தானே. பூட்டும் புதுசுதானே. அன்றைக்கு அங்கே சாப்பிட்டிருந்தாலாவது தெரிந்திருக்கும். மகள் என்ன தின்கிறாள், எப்போது தின்கிறாள், எவ்வளவு தின்கிறாள். ஆனால் பேரப்பிள்ளை பிறக்கும் வரைக்கும் பெண் கொடுத்தவர்கள் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைக்கவில்லை. வெள்ளைச்சாமி கடையில் போய் ரெண்டு சோடா வாங்கிவந்தார், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் குடித்தார்கள், மரியாதையாக. செண்பா நிலையில் சாய்ந்து நின்று சோடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு அவள் காலடியில் படுத்து அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது. ரெண்டும் ஒரே மாதிரி பார்த்தன. ஐயோ, ரெண்டும் ஒரே மாதிரி. வழியனுப்புகையில் இவள்தானே மகளிடம் படித்துப் படித்துச் சொன்னாள், எல்லாரும் சாப்பிட்ட பிறகு நீ சாப்பிடு, சட்டியில் இருக்கிறதைச் சாப்பிடு, இல்லை என்று ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்காதே, கேட்டால் நமக்குத்தான் கேவலம். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. கேட்காமல் இருந்திருப்பாள். சட்டியில் இருக்கிறதை. சட்டியில் ஒன்றும் இல்லாவிட்டால்?

பின்கொட்டகையில் பசு திரும்பக் கத்தியது, இந்தத் தடவை வேறு மாதிரி, அடிவயிற்றிலிருந்து. கன்று வந்துவிட்டது என்று யாரோ சத்தம் போட்டார்கள். அப்படியானால் டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வரும். வர வேண்டாம். இன்னொரு பசு வரட்டும், இன்னும் நாலு பசு வரட்டும், பொழுது அடையட்டும். ஏனென்றால் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்து, வந்து வந்து விலகிப் போன ஒன்று இப்போது நேருக்கு நேராக வந்து நின்றுவிட்டது. செண்பாவை இவளுக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் ஒரு மிட்டாய் கொடுத்தால் கடித்துப் பாதியை நாய்க்குக் கொடுக்கிற பிள்ளை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, சிட்டுக்கு வச்சியா என்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டியைத் தொடுவாள். தான் தின்றுவிட்டு வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறவள் இல்லை. தான் தின்னாமல் அதுக்குப் போடுகிறவள். அப்படியென்றால் இந்த நாய், எலும்பு எண்ணக் கிடக்கிற இந்த நாய், அந்த வட்டிலில் கூடுதல் பங்கு தின்ற நாய். அதிகம் தின்றது இது. அதிகம் தின்றதே இப்படி என்றால். காளியாத்தா, பூச்சி. பூச்சியைக் காட்டு. கிடா ஒன்று இல்லை, இருக்கிற ஆட்டை எல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறேன். "என்ன மதினி, வேர்த்துக் கொட்டுது? தண்ணி குடிக்கியா?" என்று ஆட்டுக்காரி பாட்டிலை நீட்டினாள். உலகம்மாள் வாங்கி, தான் குடிக்காமல் உள்ளங்கையில் ஊற்றி நாய்க்கு நீட்டினாள். நாக்கு சொரசொரவென்று கைரேகையை நக்கியது.

"கன்னி நாய் கொண்டாந்தவங்க வாங்க" என்று கம்பவுண்டர் கூப்பிட்டார். டாக்டரம்மா சின்னப் பிள்ளை, செண்பாவைவிட ரெண்டு வயசு மூத்திருக்கலாம். முழங்கைவரை ஈரம், முகத்தில் கன்று பிறந்த சிரிப்பு. "வாங்கம்மா. பயப்படாதீங்க, நல்ல செய்திதான். ரத்தம் சுத்தமா இருக்கு. ஈரல், கிட்னி எல்லாம் சரியா வேலை செய்யுது. சர்க்கரை இல்ல. உண்ணிக் காய்ச்சல் இல்ல." உலகம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பூச்சி?" "பூச்சியும் இல்லம்மா. ஒரு முட்டைகூட இல்ல." "நல்லாப் பாத்தீகளா தாயி? சின்னப் பூச்சியா இருக்கும். ஒளிஞ்சிருக்கும்." "இல்லம்மா, நல்லாத்தான் பாத்திருக்காங்க." "இன்னொருக்கா ரத்தம் எடுத்துப் பாருங்களேன். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க, அது கடிக்காது, நான் புடிச்சுக்கிடுதேன்." டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா இது, நோய் இல்லைன்னு சொன்னா எல்லாரும் கும்புடுவாங்க, நீங்க நோய் வேணும்னு நிக்கிறீங்களே. இதுக்கு சாப்பாடு பத்தல, அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்ல." "ஒரு வாரமாத் திங்குதே தாயி, ஒண்ணும் ஒட்டலையே." "ஒரு வாரத்துல எப்படிம்மா ஒட்டும்? இது இன்னைக்கு நேத்து மெலிஞ்சதில்ல. மாசக்கணக்கா அரை வயிறும் கால் வயிறுமாக் கெடந்திருக்கு. தொடையில பாருங்க, கொழுப்பு கரைஞ்சு, அப்புறம் சதையும் கரைஞ்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க, தேறிரும்." சொல்லிவிட்டு இவள் முகத்தைப் பார்த்தது டாக்டரம்மா. சிரிப்பு மெல்ல நின்றது. "நீங்க வச்சிருந்த நாய் இல்லையாம்மா இது? யார் வீட்டுல இருந்தது?" உலகம்மாள் ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். எதுக்கென்று தெரியாமலே கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. மீசைக்காரர் "என்ன தாயி, ஒண்ணும் இல்லைன்னுட்டாகளா? நான்தான் சொன்னேன்ல, நாயி கல்லு மாதிரி இருக்கு" என்று பின்னால் கத்தினார். காம்பவுண்டுச் சுவர் ஓரம் நின்று சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தாள். செண்பா பேருக்கு எட்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாப்பிள்ளைதான் போட்டுக் கொடுத்திருந்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தபோது சத்தம் வேறு மாதிரி இருந்தது. எப்போதும் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஒரு எதிரொலி இருக்கும், டவர் சரியில்லை என்று இவள் நினைத்துக்கொள்வாள். இன்றைக்கு அது இல்லை. காதோடு பேசுகிற மாதிரி குரல். அப்போதுதான் புரிந்தது, இத்தனை மாசமும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் மகள் பேசியிருக்கிறாள், பக்கத்தில் ஆள் இருந்திருக்கிறது. "அம்மா? என்னம்மா இந்நேரத்துல?" "எங்கட்டி இருக்க?" "மாடியில. துணி காயப்போடுதேன். போனு மடியில இருந்துச்சு." "சாப்பிட்டியா?" வாய் தானாகக் கேட்டுவிட்டது. இது கேள்வியா என்ன, தாயும் மகளும் பேசினால் முதலில் விழுகிற சத்தம். "சாப்பிட்டேன்மா. நீ சாப்பிட்டியா?" அதுவும் தானாகத்தான் வந்தது, கேள்வி முடியுமுன்னே. மற்ற நாளாக இருந்தால் அதோடு பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். "என்ன சாப்பிட்ட?" என்றாள் உலகம்மாள். கொடியில் ஈரத்துணி காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. "ஏட்டி, கேக்கேன்ல. காலையில என்ன? நேத்து மத்தியானம் என்ன கொழம்பு? சொல்லு."

"சிட்டு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் செண்பா. "நல்லாருக்கு. ஒரு சீக்கும் இல்லையாம். டாக்டரம்மா சொல்லிட்டாக." திரும்பவும் துணி அடித்துக்கொள்கிற சத்தம். பிறகு மகளின் குரல் சின்னதாக, சிறு பிள்ளையில் பால் சொம்பைக் கவிழ்த்துவிட்டு வந்து நிற்பாளே, அந்தக் குரலில் வந்தது. "நான் அதைப் பட்டினி போடலம்மா. சத்தியமா போடல. எனக்கு வச்சதுல பாதிக்கு மேல அதுக்குத்தாம்மா வச்சேன். சில நாளு முழுசும் வச்சிருக்கேன். நாயிக்குப் போட்டா உனக்குச் சோறு கூடிப்போச்சுன்னுதான அர்த்தம்னு அத்தை அதுலயும் கொறச்சிட்டாக. அதுக்கப்புறம் கதவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். அது கத்தாதும்மா, கேக்காது, சும்மா என் கையையே பாத்துக்கிட்டு இருக்கும். என்னால முடியல. அதான் கொழுந்தன்கிட்ட கெஞ்சி அனுப்பிவிட்டேன். அதாச்சும் நம்ம வீட்டுல வயிறாரத் திங்கட்டும்னுதான். அப்பா என்னை ஏசுதாகளா? கன்னி நாயை இப்படி வச்சிருக்காளேன்னு ஏசுதாகளா?" உலகம்மாள் சுவரில் சாய்ந்தாள். செங்கல் சுட்டது. ஒன்று சொல்ல வேண்டும், ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும், நான் பெத்த தாயி என்று சொல்ல வேண்டும், வாயைத் திறந்தால் ஊளைதான் வரும்போல இருந்தது. "கையில இருக்க துணியக் கீழ போடு" என்றாள். "என்னம்மா?" "துணியப் போட்டுட்டுக் கீழ எறங்கி வா. தெருவுல வந்து நில்லு. நாலு பேரு பாக்க நில்லு. நான் வாரேன்." "இன்னைக்கேவா? சொல்லாமக் கொள்ளாம வந்தா அத்தை..." "எறங்குட்டி."

அடுத்து வெள்ளைச்சாமிக்கு அடித்தாள். பாதி மணியிலேயே எடுத்துவிட்டார். "பூச்சி இல்லையாம்" என்றாள். "ஒண்ணுமே இல்லையாம். சர்க்கரையும் இல்லையாம்." "ம்." "பிள்ளைகிட்டப் பேசிட்டேன்." பிள்ளை என்ன சொன்னது என்று அவர் கேட்கவில்லை. "நான் ரோட்டுலதான் நிக்கேன்" என்றார். "நீ நாயைக் கூட்டிக்கிட்டு எறங்குனதுல இருந்து இங்கதான் நிக்கேன். நம்ம பெரியமாடன் ஆட்டோவைப் பேசி நிப்பாட்டி வச்சிருக்கேன். சட்டை போட்டுட்டேன். அங்கனயே நில்லு, இந்தா வந்துட்டேன்." போனுக்குள் வண்டி உதறிக் கிளம்புகிற சத்தம் கேட்டது. உலகம்மாள் ரோட்டோரம் வந்து நின்றாள். நாய் புளியமர நிழலைப் பார்த்துக் கயிற்றை இழுத்தது. அவள் வெயிலை விட்டு நகரவில்லை. நிழலில் நின்றால் ஆட்டோக்காரனுக்குத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது.